தொடர் நாவலும் வாசகர் சலிப்பும்

பள்ளி நூலகங்களிலே தொடர் நாவல்களின் முதற் பாகங்கள் கிழிந்திருக்க, பிற்பாகங்கள் புத்தம் புதிதாய்க் கிடப்பதைக் காணலாம். இச்சலிப்பு எங்ஙனம் பிறக்கிறது? அமெரிக்க எழுத்தாளர் ஜிம் புச்சரின் டிறெஸ்டன் நாவல்கள் இதற்குத் தக்க உதாரணமாகும்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் நாவலிலே, ஹரி டிறெஸ்டன் என்பான் சிக்காகோ நகரத் தொலைபேசி விபரக்கொத்தில் 'மந்திரவாதி' எனப் பதிந்து தொழில் நடத்துகிறான். வாடகைக்குப் பணமில்லை. வசிப்பது நிலக்கீழ் அறை. அவனருகே நவீன இயந்திரங்கள் பழுதாகிவிடுமாதலால் வெந்நீருக்கும் வழியில்லை. ஏறிச்செல்வதோ பழைய வொக்ஸ்வாகன் கார். விளங்காத கொலை வழக்குகளுக்குப் பொலிசார் அவனை அழைக்கின்றனர். மாயத்தை நம்பவைத்தது இவ்வறுமையே என்பேன். வாடகைக்குக் கவலைப்படும் மந்திரவாதியை யார்தான் நம்பார்!

ஆனால், நூலுக்கு நூல் பகைவரின் வலிமை பெருகிற்று. அதற்கீடாக நாயகனின் ஆற்றலும் பெருகவேண்டியதாயிற்று. 2010இல் வந்த பன்னிரண்டாம் நாவலில் அவனுடைய அலுவலகம், வீடு, கார் மூன்றும் அழிகின்றன. துணிவான காரியந்தான், அந்நாவலின் வேகத்தையும் மறுப்பதற்கில்லை. எனினும், வாசகரும் குடியிருந்த வீடன்றோ அது?

2014இன் பின் ஆறாண்டு இடைவெளி. 2020இல் இரு நாவல்கள் வெளிவந்தன. இரண்டாவதிலே சிக்காகோ நகரமே தெய்வங்களும் அரக்கரும் பொருதும் களமாகிவிட்டது. அதனை நானும் இறுதிவரை வாசித்தேன். வெல்பவர் யாரென்றறியும் ஆவல் எழவில்லை. நிலக்கீழ் அறையில் வாழ்ந்த அந்தப் பெரிய சாம்பல்நிறப் பூனையையே மனம் தேடிற்று.