நெருப்புக்கு முன்னர் வெட்டிய கால்வாய்: இந்தோனேசியாவின் பீற் நிலங்கள்

2016ஆம் ஆண்டு இந்தோனேசிய உலமா சபை ஒரு பத்வா வெளியிட்டது. அந்த ஆண்டின் 30ஆவது பத்வா அது. காட்டையோ காணியையோ எரித்து, அதனால் பிறருக்குக் கேடும் சுற்றாடலுக்கு அழிவும் உண்டாகுமானால் அந்தச் செயல் ஹராம் என்றது. எரிப்பவனோடு மட்டும் அது நிற்கவில்லை. எரிப்பதற்கு வசதி செய்து கொடுப்பது, எரியட்டும் என்று விட்டுவிடுவது, அதில் இலாபம் எடுப்பது, இவையும் ஹராம்தான் என்று சேர்த்துச் சொன்னது.

அதற்கு முந்திய வருடம்தான் அந்த நாடு பற்றி எரிந்திருந்தது. 2015இல் எரிந்த பரப்பு ஏறத்தாழ 26 இலட்சம் ஹெக்டேயர். செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் பல நாட்கள், அந்தத் தீயிலிருந்து வெளியேறிய பச்சைவீட்டு வாயுக்களின் அளவு, ஐக்கிய அமெரிக்கா தன் வாகனம், மின்நிலையம், தொழிற்சாலை எல்லாவற்றாலும் ஒரு நாளில் வெளிவிடும் அளவையும் தாண்டியது. புகைமூட்டம் மலேசியா, சிங்கப்பூர் வரைக்கும் போனது. நட்டம் 1,600 கோடி டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது.

காடு எரிந்தால் இவ்வளவு புகையா வரும்? வராது. மரங்களுக்குக் கீழே கிடந்த மண்ணும் சேர்ந்து எரிந்ததால்தான் இவ்வளவும். சரியாகச் சொன்னால் அது மண்ணே இல்லை. அதற்குப் பெயர் பீற். தமிழில் முற்றா நிலக்கரி என்று எழுதுவார்கள்.

ஒரு செடி செத்தால் உக்கிப் போகும் என்பது நமக்குத் தெரிந்த விசயம். உக்க வைப்பது பற்றீரியாவும் பங்கசும். அவை விரைவாக வேலை செய்ய ஒட்சிசன் வேண்டும். வருடம் முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் ஒட்சிசன் உள்ளே இறங்குவதில்லை. இலை விழுகிறது, கிளை விழுகிறது, வேர் சாகிறது. உக்குவது மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. அதன்மேல் அடுத்த வருடத்து இலை விழும். இப்படிப் படிந்து படிந்து வருவதுதான் பீற். வளர்கிற வேகம் வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவுதான். ஒரு மீற்றர் தடிப்புக்கு ஆயிரம் வருடம் போகும். மத்திய கலிமந்தானில் பத்து மீற்றருக்கு மேல் ஆழமான பீற் உண்டு.

வடக்கே குளிர் நாடுகளில் இதே வேலையை ஸ்பக்னம் என்ற ஒருவகைப் பாசி செய்கிறது. 1950இல் டென்மார்க்கில் எரிபொருளுக்காகப் பீற் வெட்டப் போனவர்கள் ஒரு மனித உடலைக் கண்டார்கள். தலையில் தொப்பி, முகத்தில் சவரம் செய்யாத தாடிமயிர்கூடத் தெரிந்தது. அண்மையில் நடந்த கொலையென்று நினைத்துப் பொலிசுக்கு அறிவித்தார்கள். பார்த்தால் அந்த ஆள் செத்து இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகிவிட்டது. மனிதத் தோலையே இப்படி வைத்திருக்கிற நிலம், இலையையும் வேரையும் வைத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

அந்த இலையும் வேரும் ஒரு காலத்தில் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை இழுத்து உருவானவை. ஆகவே பீற் என்பது காற்றிலிருந்து எடுத்து நீருக்கடியில் போட்டு மூடிய காபன். உலகின் தரைப்பரப்பில் பீற் நிலம் 3 வீதம்தான். ஆனால் அதற்குள் கிடக்கிற காபன் ஏறத்தாழ 60,000 கோடி தொன். உலகத்திலுள்ள காடுகளின் மரங்கள் எல்லாவற்றிலும் உள்ளதைவிட இது அதிகம். மூடி வைத்திருப்பது தண்ணீர். தண்ணீர் இறங்கினால் மூடி திறந்துவிடும். காலநிலை மாற்றத்துக்கும் பீற் நிலத்துக்கும் உள்ள தொடர்பில் பெரும்பகுதி இதற்குள் அடங்கும்.

இனிக் கலிமந்தானுக்கு வருவோம். அரிசியில் தன்னிறைவு என்பது ஜனாதிபதி சுகார்த்தோவின் பெரிய பெருமை. 1984இல் அதை எட்டினார்கள். பத்து வருடத்துக்குள் மறுபடி இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. ஜாவாவில் வயல்கள் வீடுகளும் தொழிற்சாலைகளும் ஆகிக்கொண்டிருந்தன. 1995இல் அவர் ஒரு கட்டளை போட்டார்: மத்திய கலிமந்தானின் சதுப்புக் காட்டில் பத்து இலட்சம் ஹெக்டேயரை நெல்வயலாக்க வேண்டும். 4,000 கிலோமீற்றருக்கு மேல் கால்வாய் வெட்டினார்கள். ஜாவாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அந்த ஆறுகளின் கரையில் பிரம்பும் மீனும் றப்பருமாக வாழ்ந்துவந்த தயாக் மக்களின் சொல் எடுபடவில்லை.

கால்வாய் வெட்டுவதில் என்ன பிழை என்று கிழக்கிலே வயல் செய்கிற நம்மவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வாய்க்கால் இல்லாமல் வேளாண்மை ஏது? ஆனால் நமது வயல் பள்ளத்தில் கிடக்கிறது, குளம் மேலே இருக்கிறது, வாய்க்காலைத் திறந்தால் தண்ணீர் வயலுக்கு வரும். கலிமந்தானில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே பீற் ஒரு மேடாக, கவிழ்த்துவைத்த தாச்சி மாதிரி, நடுவில் உயர்ந்து கிடக்கிறது. மழைத்தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டுதான் அது அந்த உயரத்தில் நிற்கிறது. அதன் முதுகைக் கீறிக் கால்வாய் வெட்டினால், ஆற்றுத் தண்ணீர் மேலே ஏறாது. மேட்டில் இருந்த தண்ணீர்தான் ஆற்றுக்கு இறங்கிப் போகும். அப்படியே போனது. போதாக்குறைக்கு அந்த நிலத்தில் அமிலம் அதிகம், பயிருக்கு வேண்டிய சத்துக் குறைவு. நெல் விளைந்தது என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

1997இல் எல் நினோ வரட்சி வந்தது. காணி துப்புரவாக்க வைத்த தீ காய்ந்த பீற்றுக்குள் இறங்கியது. பீற் தீ சுவாலை விட்டு எரிவதில்லை. நிலத்துக்குக் கீழே வேர் வழியாகப் புகைந்து புகைந்து நகரும். ஓரிடத்தில் அணைந்ததென்று நினைத்தால் வேறோரிடத்தில் மேலே வரும். விமானத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாலும் மேற்பரப்புதான் நனையும். கடைசியில் மழைதான் அணைக்க வேண்டும்.

சூசன் பேஜ் என்ற பிரித்தானிய ஆய்வாளரும் ஜாக் றைலி முதலான அவரது சகாக்களும் செய்மதிப் படங்களையும் தரையில் எடுத்த அளவுகளையும் வைத்து 2002இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த 25 இலட்சம் ஹெக்டேயரில் 32 வீதம் எரிந்திருந்தது. எரிந்ததில் 91.5 வீதம் பீற் நிலம். எரிந்த இடங்களில் சராசரியாக அரை மீற்றர் ஆழத்துக்குப் பீற் காணாமல் போயிருந்தது. ஐந்நூறு வருடச் சேமிப்பு அது. இந்தோனேசியா முழுவதற்கும் அவர்கள் போட்ட கணக்கில் அந்த ஒரு வருடத்தில் வெளியேறிய காபன் 81 கோடி தொன் முதல் 257 கோடி தொன் வரை. உலகம் முழுவதும் ஒரு வருடம் எண்ணெயும் நிலக்கரியும் எரித்து வெளிவிடுவதில் 13 முதல் 40 வீதத்துக்குச் சமம். கீழ்க் கணக்கும் மேல் கணக்கும் இவ்வளவு விலகி நிற்பது எரிந்த ஆழத்தை எல்லா இடத்திலும் அளக்க முடியாததால். கீழ்க் கணக்கை எடுத்துக்கொண்டாலும் அது சின்ன விசயம் இல்லை.

1998இல் சுகார்த்தோ பதவி விலகினார். திட்டமும் கைவிடப்பட்டது. கால்வாய்கள் மட்டும் அப்படியே திறந்து கிடந்தன.

தீயை மட்டும் பார்த்தால் ஒரு பெரிய கணக்கை நாம் தவறவிட்டுவிடுவோம். தண்ணீர் வடிந்த பீற், நெருப்பே வைக்காவிட்டாலும், உக்கத் தொடங்கிவிடும். ஒட்சிசன் உள்ளே போய்விட்டதல்லவா. உக்குகிற ஒவ்வொரு பிடியும் காபனீரொட்சைட்டாகக் காற்றில் சேர்கிறது. அந்த அளவுக்கு நிலமும் தாழ்கிறது. சுமாத்திராவில் செம்பனைக்காக (நம் தோட்டப் பகுதிகளில் முள்ளுத்தேங்காய் என்பார்களே, அதற்காக) வடித்த பீற் நிலங்களில் முதல் ஐந்து வருடத்தில் ஒன்றரை மீற்றர் அளவுக்கும், பிறகு வருடத்துக்கு ஐந்து சென்ரிமீற்றர் அளவுக்கும் நிலம் இறங்கியதை அளந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851இல் நீர் வடிக்கும்போது ஒரு இரும்புத் தூணைப் பீற்றுக்குள் இறக்கி, அதன் தலையைத் தரைமட்டத்துக்குச் சரியாக வைத்தார்கள். இன்றைக்கு அந்தத் தூண் தரைக்கு மேலே நான்கு மீற்றர் உயரத்தில் நிற்கிறது. தூண் வளரவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தப் பத்வாவின் இரண்டாம் பகுதி ஞாபகம் வருகிறது. எரிப்பதற்கு வசதி செய்து கொடுப்பதும் ஹராம் என்றால், இருபது வருடத்துக்கு முன்னர் கால்வாய் வெட்டி அந்த நிலத்தைக் காயவிட்டவர்கள் அதற்குள் வருவார்களா? தீக்குச்சி உரசிய ஏழை விவசாயியைப் பிடிப்பது லேசு. கால்வாய் வெட்டுவது சட்டப்படி, அரச கட்டளைப்படி, வைபவம் வைத்து நடந்த காரியம். நான் ஆலிம் இல்லை, தீர்ப்புச் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. ஆனால் அறிவியல் பக்கம் சாட்சி கேட்டால், ஈரமாகக் கிடக்கும் பீற்றுக்காடு இலேசில் தீப்பிடிக்காது என்றுதான் அது சொல்லும்.

இவ்வளவும் மனிதன் நேரடியாகச் செய்த வேலை. காலநிலை மாற்றம் இதற்கு மேலதிகமாக என்ன செய்யும்?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பீற்றுக்காட்டின் மேல் கூரை திறந்த பத்துப் பெரிய கூடுகளைக் கட்டி, உள்ளே வெப்பத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார்கள். 9 பாகை செல்சியஸ் வரைக்கும். மண்ணுக்குள்ளேயும் கம்பி இறக்கிச் சூடாக்கினார்கள். அங்கே யாரும் கால்வாய் வெட்டவில்லை. அப்படியிருந்தும், சூடு கூடக்கூட ஸ்பக்னம் பாசி குறைந்தது, புதர்ச் செடிகள் கூடின. காபனைச் சேர்த்துக்கொண்டிருந்த நிலம் காபனை இழக்கும் நிலமாக மாறியது. சூடாக்கிய கூடுகள் எதுவும் இதற்குத் தப்பவில்லை. கொஞ்சம் சூடாக்கினால் கொஞ்சம் இழப்பு, நிறையச் சூடாக்கினால் நிறைய இழப்பு.

வெப்ப நாடுகளில் பயப்பட வேண்டியது சூட்டைவிட வரட்சிக்கு. கொங்கோ ஆற்றின் நடுப்பகுதியில் இலங்கையைப்போல் இரண்டு மடங்குக்கும் கூடிய பரப்பில் ஒரு பீற் நிலம் இருப்பதை 2017இல்தான் ஆய்வாளர்கள் வரைபடமாக்கினார்கள். அதற்குள் ஏறத்தாழ 3,000 கோடி தொன் காபன். பிறகு அதைத் துளைத்துப் பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. 7,500 வருடத்துக்கு முன்னிருந்து 2,000 வருடத்துக்கு முன்வரைக்குமான காலத்துக்குரிய பீற் மிகவும் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. மழை குறைந்து, நீர் இறங்கி, படிந்ததெல்லாம் உக்கிப் போயிருக்கிறது. பிறகு மழை திரும்பி வந்ததும் நிலம் மறுபடி சேர்க்கத் தொடங்கியிருக்கிறது. மீண்டது என்று ஆறுதல் அடையலாம்தான். ஆனால் அதற்குப் பிடித்தது ஆயிரக்கணக்கான வருடங்கள்.

இந்தோனேசியாவின் பெரிய வரட்சிகள் இரண்டு இடத்திலிருந்து வருகின்றன. ஒன்று பசுபிக்கின் எல் நினோ, மற்றது இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பக்கம் குளிர்ந்து மேற்குப் பக்கம் சூடாகும் நிலை. 1997இல் இரண்டும் சேர்ந்து வந்தன. அதே ஊசல் நமது பக்கம் வரும்போது பெரும்பாலும் ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரை மழையைக் கூட்டும். அங்கே புகை மூடுகிற வருடங்களில் இங்கே மாரி கொட்டுவது பல தடவை நடந்திருக்கிறது.

பரிகாரம் என்ன? வெட்டிய கால்வாயை மறிப்பதுதான். 2016 ஜனவரியில் ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ பீற் நில மீட்புக்கென்றே ஒரு நிறுவனத்தை அமைத்து, 20 இலட்சம் ஹெக்டேயர் என்று இலக்கும் வைத்தார். கால்வாய்களுக்குக் குறுக்கே பலகையாலும் மண்ணாலும் அணை போடும் வேலை நடந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. நிலத்தை மறுபடி நனைத்தால் மீதேன் வாயு வரும், அதுவும் வெப்பத்தைக் கூட்டும் வாயு. அப்படியானால் நனைப்பதில் பயன் என்ன என்று சிலர் கேட்டார்கள். மீதேன் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் காற்றிலிருந்து போய்விடும், காபனீரொட்சைட்டு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும் என்பதால் நனைப்பதுதான் இலாபம். தண்ணீர் தரைக்குக் கொஞ்சம் கீழே நின்றால் போதும், மேலே தேங்கி நிற்கத் தேவையில்லை. ஆழமாக வடித்த நிலத்தில் நீர்மட்டத்தைப் பத்து சென்ரிமீற்றர் உயர்த்தினாலே ஹெக்டேயருக்கு வருடம் மூன்று தொன் காபனீரொட்சைட்டு மிச்சம் என்று 2021இல் வெளியான ஒரு ஆய்வு சொல்கிறது. முழுவதையும் காடாக்க முடியாத இடத்திலும் பத்து சென்ரிமீற்றர் உயர்த்தலாம் அல்லவா.

ஆனால் ஆசை விடுவதில்லை. 2020இல், கொரோனாக் காலத்தில் உணவுப் பஞ்சம் வந்துவிடும் என்ற பயத்தில், அதே மத்திய கலிமந்தானில், பழைய திட்ட நிலத்தின் ஒரு பகுதியிலேயே மறுபடி நெல் போடும் திட்டம் ஒன்றை அதே ஜோக்கோ விடோடோ தொடங்கினார்.

நமது நாட்டிலும் பீற் உண்டு. கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் நடுவில் கிடக்கிற முத்துராஜவெல, ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர் சதுப்பு. வெல என்றால் சிங்களத்தில் வயல். ஒரு காலத்தில் நல்ல வயலாக இருந்து, கொலனித்துவக் காலத்தில் வெட்டிய கால்வாய் வழியாக உவர்நீர் ஏறிக் கெட்டுப்போனது என்பார்கள். அங்கேயும் கால்வாய்தான். அதன் பீற்றை வெட்டி எரித்து மின்சாரம் எடுக்கலாமா என்றுகூட ஒரு காலத்தில் யோசித்தார்கள், நல்லவேளை நடக்கவில்லை. இப்போது வேறு வழியில் அது குறைந்துகொண்டிருக்கிறது. "சும்மா கிடக்கிற சேத்துக் காணிதானே, நெரப்பினா என்ன?" என்று படித்தவர்களே கேட்கக் கேட்டிருக்கிறேன். மேலே மண்ணைக் கொட்டினால் கீழே உள்ள பீற் அமுங்கும், கட்டிய மதில் வெடிக்கும், மழைவெள்ளம் தேங்க இடமில்லாமல் பக்கத்து ஊருக்குள் போகும்.

உம்றாவுக்குப் போகிறவர்களை வழியனுப்பக் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போகும்போது இருபக்கமும் கோரைப்புல்லும் தண்ணீருமாகத் தெரிவது இதுதான். அந்தப் பாதையைப் போடுவதற்கு முன்னர், மணல் நிரப்பி, கீழே இருக்கிற பீற்றை அமுக்கி இறுக்கவேண்டி இருந்தது.