கள்ள மார்க்கெட்டும் நிருபரின் கதியும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு வருகிறவர்கள், ஏரியைப் பார்த்தாலும் பாராவிட்டாலும், ஒண்டிக்கடையில் ஒரு முறை நின்றே தீர வேண்டும். என்றோ தன்னந்தனியே நின்ற ஒரு கடையை முன்னிட்டு அப்பெயர் ஏற்பட்டிருக்கலாமென்று பெயரே சொல்லுகிறது. இப்பொழுதோ கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒண்டியாக நிற்க ஓர் அடி நிலம் கிடைப்பதில்லை. வண்டிகளும், பஜ்ஜிக் கடைகளும், காபிப் பொடியும் மிளகும் விற்பவர்களும், படம் பிடித்துக்கொள்ளும் இளைஞர்களுமாக ஒரே ஜனத்திரள். அந்தக் கூட்டத்தை நம்பியே, சென்ற கோடையில் நாம் ஒரு மனிதரை அங்கே சந்திக்க ஏற்பாடு செய்துகொண்டோம்.

அவர் ஏற்காட்டுக்காரர் அல்லர். நமது பத்திரிகைக்கு மலைப்பிரதேசங்களிலிருந்து செய்தி அனுப்பும் நிருபர்களில் ஒருவர். மாதச் சம்பளமில்லாமல், அச்சான வரிகளுக்குக் கூலி பெறுகிறவர். அவரது ஊரையும், வேறு தொழிலையும், வயதையும் இங்கே குறிப்பிடப் போவதில்லை. அந்நியர்கள் ஆயிரக்கணக்கில் வந்து போகும் இடத்தில் இரண்டு அந்நியர் அதிகமாக நின்று தேநீர் குடித்தால் எவரும் கவனியார் என்பது அவருடைய யோசனை. பத்திராதிபர் ஒருவர் தமது நிருபருடன் பேசுவதற்கு இவ்வளவு முன்யோசனை எதற்கு என்று நேயர்கள் வினவலாம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

யுத்த காலத்தில், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் வந்தபோது, 'கள்ள மார்க்கெட்' என்னும் சொல் தமிழ் நாட்டில் வீடுதோறும் வழங்கிற்று. அந்தக் கள்ள மார்க்கெட்காரனை ஊரார் அறிவர். அவன் கிடங்கு எந்தத் தெருவில் என்பதும் தெரியும். இன்றைய கள்ள மார்க்கெட் அப்படிப்பட்டதன்று. அதன் ஒரு முனை நமது மலைக்கிராமத்துக் குடிசையில் இருக்கிறது. மறு முனை கடல் கடந்து, நமது பாஷை அறியாத ஒருவரின் வரவேற்பறையில் நாற்காலியாகப் போடப்பட்டிருக்கிறது. இடையிலுள்ளவர்கள் ஒருவரையொருவர் அறியார். அறியாதிருப்பதே அவ்வியாபாரத்தின் மூலதனம்.

செம்மரத்தை எடுத்துக்கொள்வோம். சேஷாசலம், வெலிகொண்டா முதலிய ஆந்திர மலைகளில் இயற்கையாக வளரும் இம்மரம், உலகத்தில் வேறெங்கும் அவ்வாறு விளைவதில்லை. 1995-ஆம் ஆண்டு முதல் சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் இதன் வியாபாரம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. சீனாவில் உயர்ந்த மரச் சாமான்களுக்கும், ஜப்பானில் இசைக்கருவிகளுக்கும் இதற்குக் கிராக்கி அதிகம். வெட்டுகிற கைகளோ நம்முடையவை. சேர்வராயனுக்குக் கிழக்கே கல்வராயன், வடகிழக்கே சித்தேரி, அதற்கப்பால் ஜவ்வாது என்று தொடரும் மலைகளிலிருந்து, மேஸ்திரி ஒருவன் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கிறான். வேலை என்னவென்று சிலரிடம் சொல்லுகிறான், சிலரிடம் சொல்வதில்லை. வெட்டிய கட்டைகள் லாரி மாறி லாரி ஏறிச் சென்னையைச் சுற்றியுள்ள கிடங்குகளுக்கு வருகின்றன. வேறு சரக்கின் பெயர் எழுதிய கண்டெய்னர்களில் புகுந்து துறைமுகம் செல்லுகின்றன. சுங்க அதிகாரிகள் அவ்வாறான கண்டெய்னர்களைப் பிடித்த செய்தி ஆண்டுதோறும் வருகிறது. பிடிபடாதவற்றைப் பற்றிச் செய்தி வருவதில்லை.

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப் படையினர் இருபது தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கல்லாலும் அரிவாளாலும் தாக்கப்பட்டதால் சுட்டோம் என்றது படை. தங்களுடன் பயணம் செய்தவர்கள் வழியிலேயே பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போகப்பட்டார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமைக் கமிஷனிடம் கூறினார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். பத்திரிகைகள் அவர்களுடைய குடிசைகளுக்குச் சென்று விதவைகளின் படங்களை வெளியிட்டன. அது செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் குடிசையிலிருந்து துறைமுகம் வரையில் கட்டை போன வழியே போய்ப் பார்ப்பது வேறு ஜாதி வேலை. அவ்வழியில் ஒவ்வொரு மைல் கல்லிலும், எழுத வருகிறவனுக்காக ஒருவன் காத்திருக்கிறான்.

அபாயம் எங்கேயிருந்து வருகிறது என்பதைப் பற்றிப் பொதுவாக ஒரு தவறான எண்ணம் உண்டு. சீனாவிலுள்ள வியாபாரி நமது நிருபரைக் கொல்ல ஆள் அனுப்புவதில்லை. அவனுக்கு இவர் பெயரே தெரியாது. சங்கிலியின் மிகச் சிறிய கண்ணிதான் அடிக்கும். முன்பணம் கொடுக்கும் மேஸ்திரி, லாரி முதலாளி, சோதனைச் சாவடியில் கண்ணை மூடிக்கொள்ளும் உத்தியோகஸ்தர்: இவர்களுக்குத்தான் இழப்பதற்கு எல்லாம் இருக்கிறது, இவர்களுக்குத்தான் நிருபர் வீட்டு வாசல் தெரியும். ஆகவே தலைநகரில் இருந்துகொண்டு 'சர்வதேசக் கடத்தல் கும்பல்' என்று எழுதுவது எளிது. எந்தச் சாவடி, எந்த இரவு, எந்த லாரி என்று எழுதுவதே கடினம்.

மத்தியப் பிரதேசத்தில் பிண்ட் என்னும் ஊரில் சந்தீப் சர்மா என்ற தொலைக்காட்சி நிருபர், மணல் கொள்ளையில் போலீஸ் அதிகாரி ஒருவருக்குள்ள சம்பந்தத்தைப் படம் பிடித்து வெளியிட்டார். தமக்கு ஆபத்து இருக்கிறதென்று மேலதிகாரிகளுக்கு எழுதியும் கொடுத்தார். 2018-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி, மோட்டார் சைக்கிளில் சென்றவரை ஒரு லாரி ஏறி நசுக்கிற்று. பம்பாயில், எண்ணெய்க் கடத்தலையும் ரவுடிக் கும்பல்களையும் பற்றி எழுதிவந்த ஜே. டே, 2011-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி பட்டப் பகலில் சுடப்பட்டார். சோட்டா ராஜனுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுள் தண்டனை கிடைக்க ஏழு ஆண்டுகள் சென்றன.

நம் ராஜ்யத்தில் ரத்தம் சிந்தாமலே காரியத்தை முடிக்கும் முறை வளர்ந்திருக்கிறது. தென் கடற்கரையின் தாது மணல், கார்னெட்டாகவும் இல்மனைட்டாகவும் வெளிநாடு போய்க்கொண்டிருந்த கதையைச் சந்தியா ரவிசங்கர் என்னும் சென்னைப் பத்திரிகையாளர் 2017-இல் தொடராக எழுதினார். அவருடைய தொலைபேசி எண் ஊரெங்கும் பரப்பப்பட்டது, வசைமாரி பொழிந்தது, இருசக்கர வண்டியின் பெட்ரோல் குழாய் அறுக்கப்பட்டது. இவற்றைவிட நம்மை அச்சுறுத்திய விஷயம் ஒன்று உண்டு. தமக்குத் தகவல் தருபவர் ஒருவருடன் காபிக் கடையில் அவர் உட்கார்ந்திருந்ததை அக்கடையின் காமிரா பதிவு செய்திருந்தது. அந்தப் படம் வெளியில் வந்தது. எழுதுகிறவர் துணிந்தவர், தம் பெயரைப் போட்டே எழுதுகிறார். பெயர் வேண்டாமென்று கெஞ்சிப் பேசியவர் கதி என்ன? அந்தப் படத்தைப் பார்த்த பின் வேறு எவர் வந்து பேசுவார்? ஒண்டிக்கடையிலே தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நாமும் மேலே அண்ணாந்து பார்த்தோம். எதிர்க் கடையின் இறவாரத்தில் ஒரு காமிரா இருக்கத்தான் செய்தது. இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டோம். சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

நாம் தொழிலால் வக்கீல். ஆதலால் சட்டம் இவ்விஷயத்தில் என்ன கொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கொடுத்தது ஒன்று உண்டு. அதைக் கொடுக்கச் செய்தது ஒரு தமிழ்ப் பத்திரிகை. சந்தன மரத்தையும் தந்தத்தையும் கடத்திய வீரப்பனைக் காட்டுக்குள்ளேயே சென்று கண்டு எழுதிய 'நக்கீரன்' கோபால், ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட முனைந்தபோது உத்தியோகஸ்தர்கள் தடுத்தார்கள். அதில் அதிகாரிகளின் தொடர்பு பேசப்பட்டிருந்தது. சுப்ரீம் கோர்ட் 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், அச்சிடு முன்பே தடுக்கும் அதிகாரம் சர்க்காருக்கோ அவர்களுடைய உத்தியோகஸ்தர்களுக்கோ கிடையாதென்று கூறிற்று. அந்த ஒரு தீர்ப்பின் நிழலில் எத்தனையோ பத்திரிகைகள் பிழைத்திருக்கின்றன. அதே கோபால் 2003-இல் பொடா சட்டத்தில் கைதாகிப் பல மாதம் சிறையிலிருந்து, பிறகுதான் ஜாமீனில் வந்தார் என்பதையும் உடன் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. அவருடைய முறைகளில் நமக்கு எப்போதும் சம்மதமுண்டென்று சொல்ல மாட்டோம். ஆனால் வீரப்பனைப் பற்றி நாட்டுக்குத் தெரிந்தவற்றில் பெரும் பகுதி போலீஸ் அறிக்கைகளிலிருந்து வந்ததன்று.

மற்றபடி சட்டத்தின் கை வறண்டது. தகவல் தந்தவர் பெயரைச் சொல்லும்படி பிரஸ் கௌன்சில் ஒரு பத்திரிகையாளரைக் கட்டாயப்படுத்தலாகாதென்று 1978-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நியாயஸ்தலத்தை அது கட்டுப்படுத்தாது. சாட்சியச் சட்டத்தில் அத்தகைய பாதுகாப்பைச் சேர்க்கலாமென்று சட்டக் கமிஷன் 1983-இலேயே சிபாரிசு செய்தது. 2024 ஜூலை முதல் தேதி புதிய சாட்சியச் சட்டம் அமலுக்கு வந்தபோது அதில் வக்கீலின் இரகசியத்துக்கு இடமிருந்தது, தம்பதிகளின் இரகசியத்துக்கு இடமிருந்தது. நிருபரின் இரகசியத்துக்கு இல்லை. அவதூறோ இன்னும் கிரிமினல் குற்றம்; சுப்ரீம் கோர்ட் 2016-இல் அதை ஊர்ஜிதம் செய்துவிட்டது. எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது. பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். செல்வமுள்ளவர்கள் இதைக் கொண்டு செய்யும் தந்திரம் நம் போன்ற வக்கீல்களுக்கு நன்கு தெரியும். தண்டனை வாங்கித் தருவது அவர்கள் நோக்கமன்று. தூரத்து ஊர்களில் வழக்குப் போட்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயிலேற்றி, நிருபரின் காசும் காலமும் தீரும் வரை இழுப்பதே நோக்கம்.

இனி நமது சொந்தக் குற்றத்துக்கு வருவோம். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் இதே நிருபர், மலைக்கிராமங்களில் ஆள் பிடிக்கும் ஒருவனைப் பற்றியும் இரண்டு லாரிகளைப் பற்றியும் எழுதி அனுப்பினார். படித்தோம், நன்றாக இருந்தது. உடனே நமக்குள் இருக்கும் வக்கீல் விழித்துக்கொண்டு, "ஆதாரம் எங்கே?" என்று கேட்டார். லாரிகளின் பதிவு விவரமும் சாவடிக் குறிப்பும் வேண்டுமென்று எழுதினோம். நியாயமான கேள்வி, இன்றும் அதையே கேட்போம். ஆனால் கேட்டது குளிர்சாதன அறையிலிருந்து. தேடிப் போனவர் அவர். போய்வரச் செலவுக்குப் பணம் அனுப்பவில்லை. உடன் ஓர் ஆளை அனுப்பவில்லை. எவரிடம் விசாரிக்கலாம், எவரிடம் கூடாது என்று உட்கார்ந்து பேசவுமில்லை. பத்து நாட்களுக்குப் பின் இருவர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். திட்டவில்லை, அடிக்கவில்லை. அவருடைய மகள் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், எந்தப் பஸ்ஸில் போகிறாள் என்பதை மரியாதையாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அவர் எழுதுவதை நிறுத்தினார். நாமும் அக்கட்டுரையை மேஜை அறையில் போட்டுப் பூட்டினோம். 'உறுதிப்படாத செய்தி' என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக்கொண்டோம்.

மால்டாத் தீவில் டாஃப்னி கருவானா கலிசியா என்னும் பெண்மணி 2017-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி காரில் வைத்த வெடிகுண்டால் கொல்லப்பட்டார். ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, 18 பத்திரிகை ஸ்தாபனங்களைச் சேர்ந்த 45 பேர் அவர் விட்ட இடத்திலிருந்து எழுதி ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். அம்முயற்சியை நடத்திய பிரெஞ்சு ஸ்தாபனமே 2019-இல் நமது மணல் விஷயத்தையும் எடுத்து, சந்தியா ரவிசங்கர் பட்ட பாட்டையும் உலகறியச் செய்தது. இதிலுள்ள யுக்தி எளியது. ஒருவரை ஒழித்தால் செய்தி ஒழியும் என்றிருக்கும் வரையில் ஒழிப்பதில் லாபமுண்டு. செய்தி பத்துப் பேரிடம் இருக்கிறதென்று முன்னதாகவே தெரிந்துவிட்டால், ஒருவர் மீது கை வைப்பது வீண் செலவு. கள்ள மார்க்கெட்காரன் கணக்குத் தெரிந்தவன். வீண் செலவு செய்ய மாட்டான்.

ஒண்டிக்கடையில் அன்று நாம் பேசியது இதுவே. நிருபர் தம் பழைய நோட்டுப் புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இப்பொழுது அதற்கு மூன்று நகல்கள் உண்டு: ஒன்று நம்மிடம், ஒன்று சென்னையில் வக்கீல் நண்பர் ஒருவரிடம், ஒன்று, விற்பனையில் நமக்குப் போட்டியாக உள்ள ஒரு பத்திரிகையின் ஆசிரியரிடம். போட்டிப் பத்திரிகைக்குச் செய்தியைக் கொடுப்பதா என்று நமது காரியாலயத்தில் சிலருக்கு மனத்தாங்கல். முன்பு பூட்டி வைத்து என்ன பயன் கண்டோம் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஆதாரங்களைத் தேடுவதற்கு இம்முறை அவர் போகவில்லை; அவரை அறியாத வேறு இருவர், செலவுப் பணத்தோடு போயிருக்கிறார்கள். எங்கே என்பது இங்கே வேண்டாம். கட்டுரைகள் வெளிவரும்போது அவற்றில் அவர் பெயர் இராது; நம் பெயர் இருக்கும். வழக்கு வருமாயின் நம் மேல் வரட்டும். கோர்ட்டுக்குப் போவது நமக்குப் பழகிய காரியமே.

முன்னதாகவே இதையெல்லாம் எழுதினால் எதிரிகள் விழித்துக்கொள்ள மாட்டார்களா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விழித்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறோம். நோட்டுப் புத்தகம் ஒரு வீட்டில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மாலையில் மூடுபனி இறங்கிற்று. சேலம் பஸ் வருவதற்குள் அவருக்கு இன்னொரு தேநீர் வாங்கிக் கொடுத்தோம். கட்டுரை எந்தத் தேதியில் வருமென்று முன்கூட்டித் தெரிவிக்கட்டுமா என்று கேட்டோம்.

"வேண்டாம் ஐயா, எனக்குப் போன் செய்யாதீர்கள். தினமும் காசு கொடுத்துத்தான் பேப்பர் வாங்குகிறேன், வந்தால் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ் ஏறினார்.