பொற்காசில் பட்டப்பெயர்கள்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

பேரரசர் இரண்டாம் பிரெடரிக் 1231ஆம் ஆண்டு மெல்ஃபி நகரில் சிசிலி அரசுக்குரிய சட்டத்தொகுப்பை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியில் பிரிந்திசி, மெசினா ஆகிய நகரங்களின் அக்கசாலைகளில் புதிய பொற்காசு அடிக்கப்படலாயிற்று. 'அகுஸ்தாலிஸ்' எனப்படும் அக்காசின் எடை ஏறத்தாழ 5.3 கிராம், பொன்னின் தரம் 20½ காரட்.

பைசாந்தியக் காசுகளில் அரசர் பெரும்பாலும் நேர்முகமாக நோக்குவார். இக்காசிலோ, பண்டை ரோமானியக் காசுகளிற் போலப் பேரரசர் இலைமாலை சூடிப் பக்கத்தோற்றத்தில் காட்சியளிக்கிறார். பின்புறத்தில் கழுகும் அவருடைய பெயரும் உள்ளன. முகப்பில் இம்பெராத்தோர், ரொமனோரும், சீசர், அகுஸ்துஸ் என்னும் நான்கு சொற்கள், 'சீசர்' நீங்கலாக ஏனையவை சுருக்க வடிவில், பொறிக்கப்பட்டுள்ளன. இங்கே ஓர் எழுத்து குறிப்பிடத்தக்கது. செவ்வியல் இலத்தீனில் 'சீசர்' என்பதன் முதலசையில் இரண்டு உயிரெழுத்துகள் இணைந்து வரும்; காசில் ஒற்றை உயிரே வருகிறது. உருவம் பழமைக்குத் திரும்பியபோதும் எழுத்து இடைக்கால வழக்கிலேயே நின்றது.

இந்நான்கையும் தமிழில் எவ்வாறு தருவது? முதலிரண்டும் பொருள் தெளிவானவை. 'ரோமானியரின் பேரரசர்' எனலாம். ஏனைய இரண்டும் தனிமனிதர் பெயர்களாக இருந்து பட்டங்களானவை. 'அகுஸ்துஸ்' என்பதைப் 'பெருக்குதல்' என்னும் வினையோடு இயைத்துப் பொருள் கொண்ட ஜெர்மானிய அரசாவணங்கள், 'எந்நாளும் பேரரசைப் பெருக்குபவர்' என அதனை மொழிபெயர்த்தன. தமிழ் விவிலியத்திலும் இருவகை வழக்கு உண்டு. பழைய திருப்புதல் 'சீசர்' என்பதை 'இராயன்' எனப் பெயர்த்தது. 'அகுஸ்து' என்பதை ஒலிபெயர்த்தது. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு இரண்டையும் ஒலிபெயர்த்தது.

வரிகொடுத்தல் பற்றிய உரையாடலில் ஆட்சியாளர் என்னும் பதவியே முதன்மை பெறுவதால் 'இராயன்' பொருந்தும். காசிலோ நிலை வேறு. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஆட்சியாளர்களின் வழித்தோன்றலாகத் தம்மைக் காட்டிக்கொள்ளவே பிரெடரிக் அப்பெயர்களைத் தாங்கினார். 'இராயன்', 'பெருக்குபவர்' என எழுதினால் பதவி விளங்கும், முன்னோர் மறைந்துவிடுவர். காசின் உருவம் காட்டும் உறவைச் சொல்லும் காட்டவேண்டும். ஆகவே 'ரோமானியரின் பேரரசர், சீசர், அகுஸ்துஸ்' என முன்னதைப் பெயர்த்தும் பின்னவற்றை ஒலிபெயர்த்தும் தருவதே பொருத்தமாகும். ஒரே தொடருள் இருமுறைகளையும் கையாளுதல் முரண்பாடு அன்று. ஒவ்வொரு சொல்லும் அவ்விடத்தில் ஆற்றும் பணியே முறையை முடிவுசெய்கிறது.