கடன் யாருடையது?
பொதுக்கருத்து என்னும் கட்டுமானம் குறித்துச் சில குறிப்புகள்

1

2021 ஆகஸ்ட் 9 அன்று, அப்போது தமிழக நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதிநிலை குறித்து ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். அட்டவணைகளும் விளக்கங்களுமாக நீண்ட அறிக்கை. ஆனால் மறுநாள் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது ஒரே ஒரு எண்தான்: ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன். மாநிலத்தின் மொத்தக் கடனாகிய ஏறத்தாழ 5,70,000 கோடியைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இது கிடைக்கும். கணக்கில் பிழையில்லை. பிழையில்லாத ஒரு கணக்கு நம் மனதில் என்ன வேலை செய்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

'நான் எப்பய்யா கையெழுத்துப் போட்டேன்?' என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரிப்பு அடங்கியதும் அடுத்த பேச்சு இப்படி வந்தது: 'அப்புறம் எதுக்கு ஓசி பஸ்ஸு?' அந்த ஆண்டு மே மாதம்தான் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியிருந்தது. கடன் என்ற எண்ணிலிருந்து ஓசி பஸ் என்ற முடிவுக்குத் தாவ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இடையில் இருந்திருக்க வேண்டிய கேள்விகள் எதுவும் கேட்கப்படவே இல்லை. பொதுக்கருத்து என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தத் தாவலைத்தான்.

2

சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழில் 'கடன்' என்பதற்கு இரண்டு பொருள். பட்ட கடன் ஒன்று, செய்ய வேண்டிய கடமை இன்னொன்று. பழைய இலக்கியத்தில் இரண்டாவது பொருளே மிகுதி. காலைக்கடன், நீத்தார் கடன் என்று இன்றும் சொல்கிறோம். ஆகவே ஒருவர் தலையில் கடன் இருக்கிறது என்று தமிழில் சொல்லும்போது அது வெறும் பாக்கித் தொகையாக நிற்பதில்லை. ஒழுக்கம், மானம், நாணயம் எல்லாம் உடன் வந்துவிடுகின்றன. கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நின்றதைப் பார்த்து வளர்ந்த சமூகத்துக்குக் கடன் என்றாலே நெஞ்சில் ஒரு பதைப்பு. வெள்ளை அறிக்கையின் அந்த எண் தொட்டது அந்தப் பதைப்பைத்தான்.

ஆனால் அரசின் கடன் குடும்பக் கடன் போன்றதல்ல. மாநில அரசு பெரும்பாலும் கடன் பத்திரங்களை விற்றே பணம் திரட்டுகிறது. ரிசர்வ் வங்கி அவற்றை ஏலம் விடுகிறது. வாங்குபவர்கள் யார்? வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள். அதாவது நாம் வங்கியில் போட்ட வைப்புத்தொகை, எல்.ஐ.சி.க்குக் கட்டிய தவணை, ஒரு மில் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப்.பணம். 2,63,976 ரூபாய் கடன்காரர் என்று சுட்டப்பட்டவர், இன்னொரு பக்கம் சிறு அளவிலேனும் கடன் கொடுத்தவராகவும் இருக்கக்கூடும். வகுத்துப் பார்த்தவர்கள் அந்தப் பக்கத்தை வகுத்துக் காட்டவில்லை. அந்தப் பணத்தில் எழுந்த பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை, பாலம் ஆகியவற்றில் ஒரு குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்றும் யாரும் சொல்லவில்லை.

அதே அறிக்கை, அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 57 காசு நட்டம் என்றது. இதுவும் கணக்காகச் சரியாகவே இருக்கட்டும். காவல் நிலையத்துக்கு யாரும் நட்டக் கணக்கு எழுதுவதில்லை. ராஜபாட்டையாக அகலப்படுத்தப்படும் சாலைக்கும் எழுதுவதில்லை. அவை செலவு, பேருந்து மட்டும் நட்டம். எதைச் செலவு என்பது, எதை நட்டம் என்பது என்ற தேர்வில் கருத்தியல் உட்கார்ந்திருக்கிறது. பொருளாதாரம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

3

இதற்கு முந்தைய வெள்ளை அறிக்கை 2001இல் வந்தது. அ.தி.மு.க. ஆட்சியின் நிதியமைச்சர் பொன்னையன் வெளியிட்டது. கஜானா காலி என்பதே அதன் சாரம். அதைத் தொடர்ந்து நடந்தவற்றைப் பொதுக்கருத்து பற்றிய ஒரு பாடமாகவே நாம் வாசிக்கலாம்.

மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் ரேஷன் அட்டைகளில் 'எச்' முத்திரை விழுந்தது. அந்த அட்டைக்குப் பொருள் கிடையாது. விவசாயிகளின் மின்மோட்டாருக்குக் கட்டணம் வந்தது. அரசு ஊழியர்களின் சலுகைகள் வெட்டப்பட்டன. 2003 ஜூலை 2 அன்று ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கியதும் ஏறத்தாழ 1,70,000 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலோர் பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எங்கள் அப்பாயி ஆயுள் முழுக்க நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். வேலைநீக்கச் செய்தி வந்த அன்று அவர் சொன்னது நினைவிருக்கிறது: 'மாசம் பொறந்தா சம்பளம் வாங்குறவங்களுக்கு என்ன கேடாம்?' எங்கள் தெருவே அப்படித்தான் பேசியது. வருவாயில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே போகிறது என்று அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. தாலுகா ஆபீசில் மணிக்கணக்கில் நிற்கவைக்கப்பட்ட அனுபவத்தோடு அது நன்றாகப் பொருந்திப்போனது. அந்த வாரம் யாராவது கருத்துக்கணிப்பு எடுத்திருந்தால் சிக்கன நடவடிக்கைக்கு அமோக ஆதரவு என்று எழுதியிருப்பார்கள்.

அதே அப்பாயி 2004 மே மாத நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டார். மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷங்கள் அவை. 'ஆத்துலயும் தண்ணியில்ல, மோட்டாருக்கும் காசுன்னா நடவு ஏது, எனக்குக் கூலி ஏது?' என்பது அவர் கணக்கு. தமிழகத்தின் 39 தொகுதிகளையும் தி.மு.க. அணி வென்றது. கூட்டணி பலத்துக்கும் இதில் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் முடிவு வந்த சில நாட்களிலேயே ஜெயலலிதா அரசு விவசாயிகளுக்கு இலவச மின்சாரத்தை மீண்டும் அறிவித்தது, 'எச்' அட்டை முறையைக் கைவிட்டது, ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளைத் திரும்பப் பெற்றது. தோற்றது எதனால் என்று அந்த அரசு என்ன நினைத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

4

அப்பாயி 2003இல் ஒன்றும் 2004இல் ஒன்றும் சொன்னதை முரண்பாடு என்று சொல்லிவிடலாம். 'சனங்களுக்கு எல்லாம் வேணும், வரி கட்ட மட்டும் மனசு வராது' என்று படித்தவர்கள் அலுத்துக்கொள்வது வழக்கம்தான். அமெரிக்காவிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். லாய்ட் ஃப்ரீ, ஹாட்லி கான்ட்ரில் இருவரும் 1967இல் வெளியிட்ட ஆய்வின்படி, அரசு சுருங்க வேண்டும் என்று பொதுவாகச் சொன்ன அமெரிக்கர்களில் பலர், ஒவ்வொரு திட்டமாகப் பெயர் சொல்லிக் கேட்டபோது அது தொடரட்டும் என்றார்கள். கொள்கையில் ஒன்று, நடைமுறையில் ஒன்று.

ஆனால் இதை மக்களின் குழப்பம் என்று வாசிப்பது பாதி வாசிப்பே. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1972இல் ஆற்றிய உரை ஒன்றில் பொதுக்கருத்து என்ற ஒன்றே கிடையாது என்றார். எல்லோரிடமும் எல்லாவற்றைப் பற்றியும் கருத்து இருக்கிறது. எல்லாக் கருத்துகளுக்கும் ஒரே எடை. கேட்கப்பட வேண்டிய கேள்விகள் எவை என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு உண்டு. கருத்துக்கணிப்புகள் இந்த மூன்று அனுமானங்களின் மீது நிற்கின்றன, மூன்றும் சந்தேகத்துக்குரியவை என்பது அவர் வாதம். 'தெரியாது' என்று சொன்னவர்களை எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிடுவதையும் அவர் சுட்டிக்காட்டினார். அப்படி நீக்கப்படுபவர்களில் பெண்களும் அதிகம் படிக்காதவர்களும் மிகுதி.

இதை நம் விஷயத்துக்குக் கொண்டுவருவோம். 'அரசு வீண் செலவைக் குறைக்க வேண்டுமா?' என்ற கேள்விக்கு வேண்டாம் என்பவர் யார்? 'வீண்' என்ற சொல்லுக்குள் பதில் ஏற்கெனவே இருக்கிறது. அப்பாயியிடம் 2003இல் கேட்கப்பட்டது 'சம்பளக்காரர்களுக்கு இவ்வளவு தேவையா?' என்ற கேள்வி. 2004இல் அவரே கேட்டுக்கொண்டது 'எனக்கு நடவு உண்டா?' என்ற கேள்வி. கருத்து மாறவில்லை. கேள்வியும் கேட்டவரும் மாறினார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2004இல் திரும்பப் பெறப்பட்ட பட்டியலில் இடம்பெறாதவை எவை? 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்ற ஏற்பாடு அப்படியே நின்றது. காரணம் எளிது. அந்த வெட்டுக்கு ஆளானவர்கள் அன்றைக்கு வேலையிலேயே சேர்ந்திருக்கவில்லை. இன்னும் வராதவர்களுக்குப் பொதுக்கருத்து கிடையாது. பின்னாளில் அதே ஏற்பாட்டை எதிர்த்து ஆசிரியர்களும் ஊழியர்களும் ஆண்டுக்கணக்கில் தெருவில் நிற்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, டாஸ்மாக். சிக்கனம் பேசிய அதே 2003இன் நவம்பரில்தான் மதுவின் சில்லறை விற்பனையை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. வெட்டிய இடங்களைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. வருவாய் புதிதாக எந்த மடியிலிருந்து வரப்போகிறது என்பது பற்றி வரிவிதிப்பு என்ற பெயரில் பேச்சே எழவில்லை.

5

இங்கேதான் 'வரி கட்டுபவர்' என்ற பிம்பத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'எங்க வரிப்பணத்துல இலவசமா?' என்று கேட்பவர் எப்போதும் வருமான வரி கட்டுபவராகவே கற்பனை செய்யப்படுகிறார். சோப்புக்கும் செருப்புக்கும் ஜி.எஸ்.டி. கொடுப்பவர், பஸ் டிக்கெட்டுக்குள் டீசல் வரியையும் சேர்த்துக் கொடுப்பவர், சாயங்காலம் டாஸ்மாக் வரிசையில் நின்று கூலியில் ஒரு பகுதியை அரசுக்கே திருப்பிக் கொடுக்கும் சித்தாள், கொத்தனார் - இவர்கள் யாரும் அந்தப் பிம்பத்துக்குள் வருவதில்லை. கட்டுவது ஒருவர், கட்டியதாகப் பேசுவது இன்னொருவர்.

பழந்தமிழில் 'இறை' என்றால் அரசன், 'இறை' என்றால் வரியும்தான். வரி நீக்கிய நிலத்தைக் கல்வெட்டுகள் 'இறையிலி' என்கின்றன. பிரமதேயமும் தேவதானமும் இறையிலியாக விடப்பட்டன. உழுதவனுக்கு விடப்பட்டதில்லை. அதை இலவசம் என்று எந்தக் கல்வெட்டும் எழுதவில்லை. 2019 செப்டம்பரில் ஒன்றிய அரசு நிறுவன வரியின் அடிப்படை விகிதத்தை 30 சதவீதத்திலிருந்து 22ஆகக் குறைத்தது. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே மதிப்பிட்டது. அதற்குப் பெயர் ஊக்கம். 2022 ஜூலையில் தேர்தல் இலவசங்களைப் பிரதமர் 'ரேவடி' கலாச்சாரம் என்றார். ரேவடி என்பது எள்ளுமிட்டாய். மேலே விட்டுக்கொடுத்தால் ஊக்கம், கீழே கொடுத்தால் எள்ளுமிட்டாய்.

இந்தச் சொற்போரில் எதிர்ச்சொல்லும் உண்டு. 2023 செப்டம்பரில் தமிழகத்தில் மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டார்கள். தேர்தல் கணக்கு அதில் இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் உரிமை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 'எனக்கு ஏன் வரல?' என்று ஒரு பெண் மனுவோடு போய் நிற்க முடிகிறது. இலவசம் என்ற சொல்லோடு அப்படிப் போய் நிற்க முடியாது.

6

கடன் ஒன்றும் செய்யாது என்று சொல்ல வரவில்லை. வட்டி உண்மை. மாநில அரசால் ரூபாய் அச்சடிக்க முடியாது என்பதும் உண்மை. பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 2019 டிசம்பரில் கோத்தபய ராஜபக்ச அரசு மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8ஆகக் குறைத்தது. தேர்தலில் தந்த வாக்குறுதி அது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அந்நாடு அறிவித்தது. வரிக்குறைப்பு மட்டும் காரணமல்ல. டாலரில் பட்ட கடனும், பெருந்தொற்றில் விழுந்த சுற்றுலாவும், ஒரே இரவில் திணித்த உரத் தடையும் சேர்ந்தே அந்த வீழ்ச்சி. ஆனால் வரியைக் குறைத்தால் எல்லோருக்கும் நல்லது என்ற பொதுப்புத்திக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. தமிழகத்தின் 2021 அறிக்கையும் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் உற்பத்தியோடு ஒப்பிடும்போது சரிந்து வந்ததைச் சொல்லத்தான் செய்தது. அந்தப் பக்கம் டீக்கடை வரைக்கும் வரவில்லை.

வராததற்கு நமக்கும் பொறுப்புண்டு. பட்ஜெட் என்றால் நிபுணர் விஷயம் என்று நாம் ஒதுங்கிக்கொண்டோம். வெட்டு விழுந்த பிறகு கண்டனக் கவிதை எழுதினோம், துண்டறிக்கை அடித்தோம். 'மக்கள் எதிர்க்கிறார்கள்' என்று அதில் எழுதினோம். எந்த மக்கள், எந்தக் கேள்விக்கு என்று நாமும் கேட்கவில்லை. அப்பாயியின் 2003 வாக்கியத்துக்கு அன்று எந்த இயக்கத்திடமும் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. சம்பளக்காரரின் ஓய்வூதியத்தையும் கூலிக்காரரின் நடவையும் வெட்டுவது ஒரே கைதான் என்று அவரிடம் உட்கார்ந்து பேச யாரும் வரவில்லை.

அடுத்த முறை தலைக்கு இத்தனை லட்சம் என்று ஓர் எண் வரும்போது நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. யாரிடம் பட்ட கடன்? எதற்குச் செலவானது? எந்த வரி விட்டுக்கொடுக்கப்பட்டது, யாருக்கு? வெட்டப்போவது எதை, அதற்கு ஆளாகப்போகிறவர்கள் இன்று பேசக்கூடிய இடத்தில் இருக்கிறார்களா? இவற்றைத் தெருவில், சங்கக் கூட்டத்தில், வாசகர் வட்டத்தில் வைத்துப் பேச முடியும். பெரிய பொருளாதாரப் படிப்பு இதற்குத் தேவையில்லை.

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 312ஆம் பாட்டு கடன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பாட்டு. தாய்க்கும் தகப்பனுக்கும் கொல்லனுக்கும் மகனுக்கும் ஆளுக்கொரு கடன் அதில் உண்டு. வேந்தனுக்கும் உண்டு. அது போருக்கு ஆள் தயாரிக்கும் உலகம். அதை நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் பட்டியலில் அரசனை விட்டுவிடாத அந்தக் கணக்கு முறையை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பமும் அரசுக்காகச் சுமக்கும் கடன் 2,63,976 ரூபாய் என்றால், அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் பட்டிருக்கும் கடன் எவ்வளவு? அந்த அட்டவணையை எந்த நிதித்துறையும் தானாகத் தயாரிக்காது.