ஊசியும் ஊக்கும்

கிழிந்த ஆடையைத் தைப்பதற்கும் கிழிந்த உடலைத் தைப்பதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. ஆடையின் இரு பகுதிகளையும் இறுதிவரை பிணைத்து நிற்பது தையலே. தையல் அறுந்தால் ஆடையும் பிரிந்துவிடும். உடலின் நிலை அவ்வாறன்று. அங்கே தையல் சிறிது காலம் காவல் நிற்கிறது, அவ்வளவே. காயத்தின் விளிம்புகளை உண்மையில் ஒன்றாக்குவது அவற்றினூடே ஓடும் குருதியாகும். குருதி கொணரும் உயிர்வளியும் ஊட்டமும் கிடைத்தால் திசுக்கள் வளர்ந்து இணையும். கிடைக்காவிடின், எத்துணை அழகாகத் தைத்திருப்பினும் அவ்விடம் அழுகிப் பிரியும். ஆதலின் நல்ல தையலுக்கு இரண்டு இலக்கணங்கள் கூறலாம். ஒன்று, ஒழுகாதவாறு இறுகப் பிடித்தல். மற்றொன்று, குருதியோட்டத்தை நெரிக்காதிருத்தல். ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றும் இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற அறிஞர் பலர் முயன்றனர். அம்முயற்சியின் பயனே, மருத்துவர்கள் ‘ஸ்டேப்ளர்’ என வழங்கும் ஊக்குத் தையற்கருவி.

குடலையும் இரைப்பையையும் தைக்கும்போதுதான் நல்ல தையலின் அருமை நன்கு புலப்படும். கையில் பட்ட வெட்டுக் காயத்தின் தையல் சிறிது நெகிழ்ந்தாலும் பெருந்தீங்கு விளைவதில்லை. குடலில் இட்ட தையல் நெகிழ்ந்தாலோ, உள்ளிருக்கும் கழிவும் கிருமிகளும் வயிற்றறை எங்கும் பரவும். பெனிசிலின் போன்ற மருந்துகள் இல்லாத காலத்தில் அவ்வாறு நேர்ந்தால் நோயாளி பிழைப்பது அரிது. இவ்விடரைப் பண்டை மருத்துவரும் அறிந்திருந்தனர். இந்திய அறுவை மருத்துவத்தின் பழைய நூலாகிய சுச்ருத சம்கிதை வியப்பூட்டும் முறை ஒன்றைக் கூறுகிறது. கிழிந்த குடலின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பு எறும்புகளை அவ்விடத்தில் கடிக்கச் செய்ய வேண்டும்; பின்னர் அவற்றின் உடலைக் கிள்ளி நீக்கித் தலைகளை மட்டும் விட்டுவிட வேண்டும். கவ்விய எறும்பின் தாடைகளே அக்காலத்து ஊக்குகள்!

1892-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜான் மர்பி என்னும் மருத்துவர் உலோகப் பொத்தான் ஒன்றை அமைத்தார். சட்டையில் வைக்கும் அழுத்துப் பொத்தானைப் போல அது இரு பாகங்களாக இருந்தது. அறுபட்ட குடலின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பாகத்தை வைத்து அழுத்தினால் அவை பொருந்திக்கொள்ளும். முனைகள் ஒட்டிய பின் பொத்தான் உள்ளே கழன்று மலத்தோடு வெளியேறிவிடும். கைத்தையல் இன்றியும் குடலை இணைக்கலாம் என்னும் நம்பிக்கை இதனால் வலுப்பெற்றது.

உண்மையான ஊக்குத் தையற்கருவி ஹங்கேரி நாட்டில் பிறந்தது. புடாபெஸ்ட் நகர அறுவை மருத்துவர் ஹியூமேர் ஹியூல்ட்ல், இரைப்பையை அறுக்கும்போது அதிலுள்ள பொருள்கள் வயிற்றறைக்குள் சிந்துவதைத் தடுக்க வழி தேடினார். விக்டர் பிஷர் என்னும் கருவி வல்லுநர் அவருக்குத் துணை நின்றார். இருவரும் சேர்ந்து அமைத்த கருவி 1908-இல் முதன்முதல் பயன்பட்டது. அது நான்கு வரிசை ஊக்குகளை ஒரே முறையில் செலுத்தியது. மருத்துவர் நடுவே அறுத்தால் இருபுறமும் இரண்டிரண்டு வரிசைகள் வாயை மூடி நிற்கும். ஒரு துளியும் சிந்தாது.

இக்கருவி தொழிற்படும் முறையை அறிதல் நன்று. நாம் தாள்களை இணைக்கப் பயன்படுத்தும் ஸ்டேப்ளரை ஒத்ததே இது. மெல்லிய கம்பியாலான ஊக்கு முதலில் ‘ப’ என்னும் எழுத்தைப் போல இருக்கும். கருவியின் இரு தாடைகளும் திசுவை முதலில் அழுத்திப் பிடிக்கின்றன. பின்னர் ஒரு தாடையிலிருந்து ஊக்குகள் புறப்பட்டுத் திசுவை ஊடுருவி, எதிர்த் தாடையிலுள்ள பள்ளங்களில் மோதுகின்றன. கொல்லனின் அடைகல்லில் பட்ட இரும்பு வளைவது போல அவற்றின் கால்கள் உள்நோக்கி வளைகின்றன. வளைந்த ஊக்கு தட்டையாக நசுங்குவதில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்தாகிய ‘பி’யைப் போல இரு சிறு வளையங்களாக அமைகிறது. அவ்வளையங்களினூடே நுண்ணிய குருதிக் குழாய்கள் நெரிபடாமல் செல்கின்றன. கொத்தர் சுவர் எழுப்பும்போது மேல்வரிசைச் செங்கல்லின் மூட்டு கீழ்வரிசை மூட்டுக்கு நேராக வாராதபடி அடுக்குவர் அன்றோ? அவ்வாறே ஒரு வரிசை ஊக்குகளின் இடைவெளியை அடுத்த வரிசை ஊக்குகள் மறைக்கின்றன. இறுகப் பிடித்தல், நெரிக்காதிருத்தல் என்னும் இரண்டு இலக்கணங்களும் இவ்வாறு ஒரே அமைப்பில் நிறைவேறின. ஹியூல்ட்ல் வகுத்த இந்நெறிகளே இன்றளவும் பின்பற்றப்படுகின்றன.

ஆயினும் அவரது கருவி சுமார் 3.5 கிலோகிராம் எடையுள்ளது. அதன் பாகங்களைப் பூட்டி அமைக்க இரண்டு மணி நேரம் ஆகும். அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். அந்நாட்டவரே ஆகிய அலதார் பெட்ஸ், எடை குறைந்த எளிய கருவி ஒன்றை அமைத்து 1921-இல் ஹங்கேரி அறுவை மருத்துவர் மாநாட்டில் காட்டினார். அது பல நாடுகளுக்கும் பரவியது. எனினும் ஒருமுறை ஊக்குகளைச் செலுத்திவிட்டால் அதே அறுவையில் மீண்டும் பயன்படுத்த இயலாது. 1934-இல் ஜெர்மனியின் உல்ம் நகரைச் சேர்ந்த பிரீட்ரிக், ஊக்குகள் நிரப்பப்பட்ட சிறு பேழையை மாற்றி மாற்றிப் பொருத்தும் முறையைக் கொணர்ந்து அக்குறையை நீக்கினார்.

அடுத்த பெரிய முன்னேற்றம் சோவியத் நாட்டில் நிகழ்ந்தது. அறுவைக் கருவிகளை ஆராய்வதற்கென்றே 1951-இல் மாஸ்கோவில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. அங்கே பொறியியல் அறிஞரும் மருத்துவரும் கூடி உழைத்து, குருதிக் குழாய், நுரையீரல், குடல் என ஒவ்வோர் உறுப்புக்கும் ஏற்ற கருவிகளை ஆக்கினர். 1958-இல் அமெரிக்க மருத்துவர் மார்க் ராவிச் அந்நாட்டிற்குச் சென்றார். கீவ் நகரில் நிக்கோலாய் அமோசவ் என்னும் மருத்துவர், நுரையீரல் அறுவையில் மூச்சுக்குழலின் கிளையை ஊக்குகளால் மூடுவதை அவர் கண்டார். அத்தகைய கருவி ஒன்றை லெனின்கிராடில் விலைக்கு வாங்கித் தம் நாட்டிற்கு எடுத்துச் சென்றார். அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒன்றையொன்று ஐயுற்று நோக்கிய காலம் அது. ஆயினும் நோயாளியின் உயிர் காக்கும் கருவி எல்லை கடந்தது. ராவிச்சும் அவருடன் உழைத்தோரும் அதனை ஆராய்ந்து திருத்தினர். சோவியத் கருவிகளில் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் நிரப்ப வேண்டியிருந்தது. 1964-இல் அமெரிக்காவில் லியோன் ஹிர்ஷ் தொடங்கிய நிறுவனம், ஊக்குகள் நிரப்பித் தூய்மை செய்யப்பட்ட பேழைகளை 1967 முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது.

1970-களின் பிற்பகுதியில் பரவிய வட்ட வடிவக் கருவி பலருடைய வாழ்வையே மாற்றியது. மலக்குடலின் அடிப்பகுதியில் புற்றுநோய் கண்டால், நோயுற்ற பகுதியை வெட்டிய பின் எஞ்சிய முனைகளை இடுப்பெலும்புக் குழியின் ஆழத்தில் கையால் தைப்பது மிகக் கடினம். அதனால் பலருக்கு வயிற்றில் துளையிட்டு, வாழ்நாள் முழுதும் மலத்தைப் பையில் ஏந்தும் நிலை ஏற்பட்டது. வட்டக் கருவியோ மலவாயின் வழியே உட்செல்கிறது. இரு முனைகளையும் இரட்டை வளைய ஊக்குகளால் இணைத்து, நடுவிலுள்ள மிகையான திசுவைத் தன் கத்தியால் வட்டமாக வெட்டிவிடுகிறது. வெட்டுண்ட இரு திசு வளையங்களையும் மருத்துவர் எடுத்துப் பார்ப்பார். அவை முழுமையாக இருந்தால் இணைப்பும் முழுமை பெற்றிருக்கும் எனக் கொள்வர். பின்னர் அவ்விடத்தில் நீரை நிரப்பிக் குடலுக்குள் காற்றைச் செலுத்துவர். மிதிவண்டியின் இரப்பர்க் குழாயை நீரில் அமிழ்த்தி ஓட்டையைக் கண்டறிவது போன்ற சோதனையே இது. குமிழி தோன்றினால் குறை உண்டு என்பது பொருள்.

1990-களில் சிறு துளைகளின் வழியே அறுவை செய்யும் முறை வளர்ந்தபோது, நீண்டு மெலிந்த தையற்கருவிகள் தோன்றின. ஊக்குகளைச் செலுத்திக்கொண்டே நடுவில் அறுத்தும் செல்லும் கத்தி அவற்றில் உண்டு. மருத்துவரின் கைவிசைக்குத் துணையாக மின்கல விசையால் இயங்குவனவும் இப்போது வழக்கில் உள்ளன. துருப்பிடிக்காததும் உடலுக்கு ஒவ்வுவதுமான டைட்டானியம் என்னும் உலோகத்தால் ஊக்குகள் பெரும்பாலும் செய்யப்படுகின்றன.

இத்துணை வளர்ந்தும், திசுவின் தன்மையை உணர்ந்து ஊக்கைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மருத்துவரிடமே உள்ளது. 3.5 மில்லிமீட்டர் உயரமுள்ள ஊக்கு மூடும்போது ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டராகிறது, 4.8 மில்லிமீட்டர் ஊக்கு 2 மில்லிமீட்டராகிறது. தடித்த திசுவில் சிறிய ஊக்கை இட்டால் அதன் கால்கள் சரியாக வளையா. மெல்லிய திசுவில் பெரிய ஊக்கை இட்டால் குருதி கசியும். அமெரிக்க நாட்டின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-இல் வெளியிட்ட எச்சரிக்கை இங்கே நினைக்கத்தக்கது. 2011 சனவரி முதல் 2018 மார்ச் வரை இக்கருவிகளைப் பற்றி 41,000-க்கு மேற்பட்ட அறிக்கைகள் அதற்கு வந்தன. அவற்றுள் 366 இறப்பைப் பற்றியவை. அவ்வறிக்கைகள் யாவும் கருவியின் குற்றத்தை மெய்ப்பிப்பன அல்ல. எனினும் ஊக்கு சரியாக அமையாமை, தையல் வரிசை பிரிதல், பொருந்தாத அளவைத் தேர்தல் ஆகியன அதில் சுட்டிக்காட்டப்பட்டன. 2021-இல் இக்கருவிகள் முன்னினும் கடுமையான கட்டுப்பாட்டின்கீழ்க் கொணரப்பட்டன.

ஆகவே அறுவைக் கூடத்தினின்றும் ஊசியும் நூலும் இன்னும் விடைபெறவில்லை. ஊக்கு பொருந்தாத இடத்திலும், பிழைத்த இடத்திலும் கைத்தையலே உதவிக்கு வருகிறது. அதனால் இளம் மருத்துவர்கள் இன்றும் அதனை முறையாகக் கற்கின்றனர். ஹியூல்ட்ல் தொடங்கி ஒவ்வொருவரும் முன்னோர் கண்ட நன்மையைப் போற்றி, அவர் விட்ட குறையைத் தீர்த்தனர். அவ்வாறு வளர்ந்த கருவி மருத்துவரின் கைக்கு விரைவைத் தந்தது. எங்கே, எதனால், எவ்வளவு இறுக்குவது என்னும் அறிவை அவரே தேடிப் பெறவேண்டும்.