பிளக் முனையில் படிந்த கரி

காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும் கார், வழியில் டீ குடிக்க நிறுத்திவிட்டு எடுத்தால் மட்டும் அடம்பிடிக்கிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது, செல்ஃபும் சுற்றுகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் போராடினால் கரும்புகையோடு உயிர் வருகிறது. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. இப்படி ஒரு வண்டி வந்தால் அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்.

எரியும் நெருப்புக்குள்ளேயே மூக்கை நீட்டிக்கொண்டிருப்பது பிளக். வண்டி 800 சுற்றில் சும்மா நிற்கும்போதே அது விநாடிக்கு ஏறக்குறைய ஏழு முறை பொறி தட்டுகிறது. ஒரு மில்லிமீட்டர் அளவேயான இடைவெளியைத் தாண்ட, பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் வேண்டும். அதன் வெள்ளைப் பீங்கான் மூக்கு சுமார் 500 டிகிரி சூட்டில் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கை ஒட்டி எரிந்துவந்தால் அங்கே மிஞ்சுவது இளம்பழுப்பு நிறம்தான். மூக்கு வெளுத்திருந்தால் சூடு அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் உள்ளே கசிகிறது.

நம் காரின் பிளக்கிலோ விளக்குக் கரிபோல உலர்ந்த கறுப்பு. பெட்ரோல் மிஞ்சிவிட்டது. புது பிளக் போட்டு அனுப்பினால் நாலு நாள் ஓடும், பிறகு அதுவும் கறுக்கும். வாடிக்கையாளரின் பணம் வீணாவது இந்த இடத்தில்தான்.

மிஞ்சிய பெட்ரோலை ஊற்றச் சொன்னது யார்? பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் காரின் கம்ப்யூட்டருக்கு எஞ்சின் தண்ணீரின் சூட்டை அளந்து சொல்லும் சென்சாரில் தேட வேண்டும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பல கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருப்பது, 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இறங்கிவிடும். கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்து 2,000 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால், கொதிக்கும் எஞ்சினைக் கம்ப்யூட்டர் இருபது டிகிரி சொச்சம் என்று நம்பும். குளிர்ந்த எஞ்சினுக்குரிய பெட்ரோலைத் தாராளமாக ஊற்றும். அது நடக்கக்கூடிய அளவுதான் என்பதால் சந்தேகமும் படாது.

இதைப் பிடிக்க ஓர் அழகான வழி உண்டு. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யாமலே ஸ்கேனரைப் பாருங்கள். உள்ளே வரும் காற்றின் சூடும் எஞ்சின் தண்ணீரின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நம் காரிலோ காற்று 25 என்கிறது, தண்ணீர் 10 என்கிறது. கனெக்டரைக் கழற்றிக் களிம்பைத் துடைத்துச் செருகினால் இரண்டும் 25.