மூட்டும் காலும் சேர்ந்த சொல்

இடைநிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் ‘ஆர்த்ரோபாட்’ என்ற சொல்லைக் கண்டதும் மலைத்துப் போகிறார்கள். மலாய்ப் பாடநூலிலும் ஏறக்குறைய அதே சொல்தான். பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தால், பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடும். ஆனால் இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் இது மிக எளிய சொல்.

கிரேக்க மொழியில் ‘ஆர்த்ரோன்’ என்றால் மூட்டு. ‘பாட்’ என்ற பகுதி, கால் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, மூட்டுள்ள கால்களை உடையது என்று அர்த்தம். மூட்டு வலிக்கு டாக்டர் ‘ஆர்த்ரைட்டிஸ்’ என்கிறாரே, அதிலும் இதே மூட்டுதான். கேமராவைத் தாங்கும் ‘டிரைபாட்’ என்பதிலும் இதே கால்தான்.

இப்பெயர் பிறந்த கதையும் சுவையானது. 1758-ல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வண்டு, சிலந்தி, நண்டு, பூரான் அனைத்தையும் ‘பூச்சி’ என்ற ஒரே வகுப்பில் அடைத்தார். 1817-ல் பிரெஞ்சு அறிஞர் குவியே, உடல் வளையம் வளையமாக இருப்பதைக் கண்டு, மண்புழுவையும் அவற்றோடு ஒரே பெரும் பிரிவில் சேர்த்தார். பிறகு 1840-களில் ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் சீபோல்ட் காலைக் கவனித்தார். மண்புழுவுக்கு வளையம் உண்டு. மூட்டுக் கால் ஏது? அதைப் புழுக்களோடு சேர்த்துவிட்டு, மூட்டுக் கால் உள்ளவற்றுக்கு இரண்டு பழைய கிரேக்கச் சொற்களை இணைத்துப் புதுப்பெயர் சூட்டினார். இன்று அறிவியல் அறிந்த விலங்கினங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தக் கூட்டம்தான்.

தமிழில் இவற்றைக் ‘கணுக்காலிகள்’ என்கிறோம். மூங்கிலிலும் கரும்பிலும் காண்கிறோமே, அந்தக் கணு. முக்காலி, நாற்காலி போலக் கணுக்காலி. கிரேக்கச் சொல் சொல்வதைத்தான் நம் சொல்லும் சொல்கிறது.

பெற்றோர்களே, “நமக்கு இங்கிலீஷ் தெரியாதே, பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவது?” என்று ஒதுங்க வேண்டாம். அடுத்த முறை நண்டு வாங்கும்போது அதன் காலைப் பிள்ளையின் கையில் கொடுத்து, மூட்டு மூட்டாக மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பொருளைக் கையால் தொட்டு அறிந்த பிள்ளைக்குப் பெயர் மறக்காது.